ஜெசிந்தா அழவில்லை

போன கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, பேசாலையில் தங்கச்சி ஜெசிந்தா வீட்டில் இருந்தேன். பின்னேரத் தேத்தண்ணீர் நேரம். படலையைத் திறந்துகொண்டு ரெஜினா மாமி வந்தார்.

ரெஜினா மாமி சும்மா வருகிற ஆள் இல்லை. எங்கள் கோவிலில் பசாம் பாடுகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் கிட்ட வந்தால் மாமியின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே சிலர் பின்வாசலால் மாறிவிடுவார்கள்.

பசாம் என்றால் என்ன என்று கொழும்பு வாசகர்கள் கேட்கக்கூடும். யேசுவின் பாடுகளை ஒப்பாரி இராகத்தில் இழுத்து இழுத்துப் பாடுவது. மன்னார்க் கரையில் கத்தோலிக்கச் சனம் இருக்கிற ஊரெல்லாம் உண்டு. பாடுகிறவர் உருக வேண்டும், கேட்கிறவர் அழ வேண்டும். சனம் காய்ந்த கண்ணோடு வீட்டுக்குப் போனால் அந்த வருசப் பசாம் சரியில்லை என்று அர்த்தம்.

மாமி கதிரையில் இருந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, நேரே விசயத்துக்கு வந்தார்.

"இந்த முறையும் பெரிய வெள்ளிக்கு எங்கட ஜெசிந்தாதான். போன வருசம் பிள்ளை அழுது பாடினதை ஊர் இன்னும் மறக்கேல்லை. அப்பிடி ஆராலும் அழ ஏலாது."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஜெசிந்தா சிரித்தாள். அவளுடைய சிரிப்பு இப்போதெல்லாம் முழுதாக மேலே ஏறுவதில்லை, பாதியில் நின்றுவிடும்.

"மாமி, நான் அழேல்லை" என்றாள்.

"பாத்தியே பிள்ளையின்ர தாழ்ச்சியை!" என்று மாமி என்னிடம் சொன்னார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சரியான பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம். பாலத்தில் பஸ் வேகமாகப் போனால் பயம். கந்தோரில் மேலதிகாரி மெதுவாகப் பேசினால் இன்னும் பயம். ஆனால் இவையெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய பயங்கள். போன வருசத்திலிருந்து எனக்குள் வேறொரு பயம் வந்து குடியிருக்கிறது. அதை நான் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. மாமி அன்றைக்கு வந்து கேட்டது அந்தப் பயத்தைத்தான் - இன்னொருக்கால் மைக் பிடித்து நடத்திக் காட்டச் சொல்லி!

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நல்ல குரல். கணீரென்று இருக்கும். அதுதான் பிரச்சினையும். "இது பசாமோ, கலியாண வீட்டுப் பாட்டோ?" என்று கிழவிகள் கோவில் வாசலிலேயே குறை சொல்வார்கள். அவளும் எவ்வளவோ முயன்று பார்த்தாள். சோகம் வரவே வராது. மாமியும் வேறு ஆள் கிடைக்காதபடியால் பொறுத்துக்கொண்டார்.

போன வருசம், தபசு காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, பொழுதுபடும் நேரத்தில் அவளுடைய கண் மடல் இறங்கத் தொடங்கியது. முதலில் ஒரு கண். பிறகு மற்றது. போனைப் பார்த்துப் பார்த்து நித்திரை முழிக்கிறாள் என்று நான் ஏசினேன். காலையில் பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். காலையில் நன்றாக இருக்கிற ஒன்றை யார் நோய், வருத்தம் என்று நினைப்பார்கள்?

பிறகு சாப்பாடு. கணவாய்க் கறி என்றால் உயிரை விடுகிறவள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு இருப்பாள். சோற்றைப் பாதியில் மூடி வைப்பாள். வேறு மாதமாக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். தபசு காலம் ஆயிற்றே! ஒருசந்தி விரதம் இருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டோம். அவளுடைய மனுசன் அன்ரன்கூட, "இந்த முறை உவ நல்ல பக்தியா இருக்கிறா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். தேத்தண்ணீர் ஒரு நாள் அவளுக்கு மூக்கால் வந்தது. சிரித்ததில் புரைக்கேறிவிட்டது என்று எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பசாம். முதல் பாட்டு வழக்கம்போலக் கணீரென்று வரும். போகப் போகக் குரல் மூக்குக்குள் போகும். பிறகு கரகரத்து, இறங்கி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண் மடல் பாதி மூடியிருக்கும். தலை தொங்கி நாடி நெஞ்சில் தொடும்.

இதைத்தானே பசாம் பாடுகிறவரிடம் ஊர் இவ்வளவு காலமும் கேட்டது?

கோவில் அழுதது. குறை சொன்ன கிழவிகள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன், சீலைத் தலைப்பு நனைய நனைய. பிள்ளைக்கு இந்த வருசம்தான் பசாம் பிடிபட்டிருக்கிறது என்று மாமி எல்லோரிடமும் சொன்னார். அவளுக்கே அது சந்தோசமாக இருந்திருக்கிறது. ஏதோ ஒரு அருள் வந்து தன் குரலை எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தாளாம். பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் தாண்டிய நேரம். வெக்கை. கோவிலுக்கு வெளியிலும் சனம். ஜெசிந்தா கறுப்புச் சீலையோடு மைக் முன்னால் நின்றாள். அன்றைக்குக் குரல் இரண்டாவது பாட்டிலேயே உடைந்தது. சனம் விம்மத் தொடங்கியது. அவள் விடாமல் பாடினாள். பிறகு பாட்டு நின்றது. தலை மெல்லக் குனிந்து, புத்தகம் வைத்திருந்த பலகையில் நெற்றி முட்டியது. அப்படியே நின்றாள்.

ஒருவரும் கிட்டப் போகவில்லை. மரியாதை! பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை கையை நீட்டியதும், "விடுங்கோ, அவ செபத்தில நிக்கிறா" என்று மாமி தடுத்தார். கோவில் முழுக்க அழுகைச் சத்தம். மைக்கில் மட்டும் வேறொரு சத்தம் வந்துகொண்டிருந்தது - எச்சிலை விழுங்க முடியாமல் ஒருவர் திணறுகிற சத்தம். அதையும் நாங்கள் விம்மல் என்றுதான் கேட்டோம்.

அன்ரன்தான் ஓடினான். ஆண்கள் பக்கத்திலிருந்து, கதிரைகளைத் தள்ளிக்கொண்டு, நாலு பேரை மிதித்துக்கொண்டு. கோவிலுக்குள் என்ன பழக்கம் என்று சிலர் ஏசினார்கள். அவன் அவளைத் தூக்கி நிமிர்த்தியபோது முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் ஒரு பொட்டுக்கூட இல்லை. வாய் திறந்திருந்தது. கண் திறக்க ஏலாமல், புருவத்தால் கண்ணைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் படுத்து ஓய்வெடுத்ததும் கொஞ்சம் தேறினாள். அடுத்த நாள் காலையில் எழும்பி இருந்து, தலை வாரி, உயிர்ப்புப் பூசைக்குப் போக வேண்டும், வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்டாள். பார்க்க வந்தவர்கள் ஒருசந்திக் களைப்பு என்றார்கள். நானும் பையைக் கட்டத் தொடங்கிவிட்டேன்.

வாட்டில் இருந்த டொக்டர் ஒரு சின்னச் சிங்களப் பிள்ளை. மன்னாருக்கு வந்து பழகின தமிழ். பின்னேரமும் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்று மறித்துவிட்டார். பின்னேரம் வந்தவர், விரலை நெற்றிக்கு மேலே பிடித்து, "மேல பாருங்க அக்கா. பாத்துட்டே இருங்க" என்றார். ஜெசிந்தா பார்த்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய இரண்டு கண் மடல்களும் மெல்ல மெல்ல இறங்கிவிட்டன.

டொக்டர் ஐஸ் கட்டி கேட்டார். ஒரு கையுறைக்குள் போட்டுச் சுற்றி, மூடின கண்ணில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எடுத்ததும் கண் திறந்தது. வடிவாக, முழுதாக. ஐஸ் வைக்காத மற்றக் கண் அப்படியே இறங்கிக் கிடந்தது. மீன் யாவாரத்தில், ஐஸ் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் அன்ரன். அவனே அந்தக் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஜெசிந்தா எண்ணினாள். பத்தைத் தாண்டிய கையோடு மூச்சு முடிந்துவிட்டது. டொக்டருடைய முகம் மாறியதை நான் கண்டேன். அவர் உடனே போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸ்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளால் தானாக மூச்சு விட ஏலவில்லை. மெசின்தான் விட்டது. வாய்க்குள் குழாய். முழு நினைவு இருக்கிறது, எல்லாம் கேட்கிறது, கண் மடலைக்கூடத் தூக்க முடியாது. அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டா? எவ்வளவு நாள் அப்படிக் கிடந்தாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற தைரியம் எனக்கு இல்லை.

வருத்தத்தின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். எனக்கு அதை ஒழுங்காகச் சொல்லவே பல நாள் எடுத்தது. கிருமியிலிருந்து உடம்பைக் காப்பாற்ற வேண்டிய சக்தி, ஆள் மாறி, சொந்த உடம்பையே அடிக்கிற வகை வருத்தங்களில் இதுவும் ஒன்று. தூக்கு, விழுங்கு, மூச்சை இழு என்று நரம்பு கொண்டுவருகிற கட்டளை தசைக்குள் போகிற கதவை அது பூட்டிவிடுகிறது. கொஞ்ச நேரம் வேலை செய்தால் தசை களைத்துவிடும். ஓய்வு கொடுத்தால் திரும்பும். அதனால்தான் காலையில் ஒன்றும் தெரியாது, பின்னேரம் பிடிக்கும். தொற்றாது. செய்வினை இல்லை. முற்றாக மாறாவிட்டாலும் மருந்தால் அடக்கி வைக்கலாம்.

சொல்ல எவ்வளவு சுகமாக இருக்கிறது! அடக்கி வைப்பது என்றால், அது உள்ளேயே இருக்கிறது என்றுதானே கருத்து?

ஜெசிந்தாவின் குளிசைக்கு நேரம் தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் பயம். வெக்கை கூடினால் பயம். வேறு ஏதாவது வருத்தத்துக்கு மருந்து எடுப்பதென்றாலும் இந்த வருத்தத்தை முதலில் சொல்ல வேண்டும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. காலையில் அவளுக்குப் போன் எடுத்தால் எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. "எண்ணு" என்பேன். அவள் ஒரே மூச்சில் எண்ணுவாள். இருபத்தைந்தைத் தாண்டினால்தான் நான் கந்தோருக்கு வெளிக்கிடுவேன். சில நாள் வேண்டுமென்றே பன்னிரண்டில் நிறுத்தி என் உயிரை எடுப்பாள். அக்காவைப் பகிடி பண்ண வேறு வழியா இல்லை?

மாமி வந்துபோன அன்றைக்கு ஜெசிந்தா என்னிடம் தன் எண்ணத்தைச் சொன்னாள். பாட மாட்டாள். ஆனால் தபசு கால வெள்ளியில், சிலுவைப்பாதை முடிந்ததும், சனத்தின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லப் போகிறாளாம். கோவில் பங்குச் சுவாமியிடம் கேட்டும்விட்டாளாம்.

நான் ஏலாது என்றேன். என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது. மைக்கில் பேசினால் களைக்கும். களைத்தால் விழுங்க ஏலாது. ஊர் என்ன சொல்லும்? தொற்றும் என்று அவள் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடிக்காமல் விடுவார்கள். நேர்த்திக்கு ஏதோ குறை விட்டிருக்கிறாள் என்பார்கள். போதாததற்கு, போன வருசம் தாங்கள் விட்ட கண்ணீரெல்லாம் வீண் என்று யாருக்குத்தான் கேட்க விருப்பம்?

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அக்கா, எல்லாருக்கும் முன்னால நான் மூச்சுக்குத் தவிச்சனான். முழு ஊரும் பாத்துக்கொண்டு நிண்டது. ஒருத்தருக்கும் தெரியேல்லை. அடுத்த ஆளுக்கும் அப்பிடி நடக்கட்டோ?"

நான் குளிசைக்கு நேரம் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை. குளிசையை நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் முன் வரிசையில், அன்ரன் எனக்குப் பின்னால், இரண்டு பேரும் ஓடத் தயாராக. அவள் கோவிலின் நடுவில் மைக் பிடித்து நின்றாள். வருத்தத்தின் பெயரைச் சொன்னாள். கண் இறங்கியதை, கணவாய் மெல்ல ஏலாமல் போனதை, நாங்கள் அதை ஒருசந்தி என்று நினைத்ததை எல்லாம் சொன்னாள். சனம் சிரித்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு குரல் மூக்குக்குள் போகத் தொடங்கியது.

வந்து இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பார்த்தாள், பார்க்காததுபோலத் தொடர்ந்து பேசினாள். சொற்கள் ஒட்டத் தொடங்கின. மடல் இறங்கியது. அதே குரல், போன வருசத்துக் குரல், அதே கோவிலுக்குள். ரெஜினா மாமியின் கை தானாகவே கண் துடைக்கிற லேஞ்சிக்குப் போனது. இன்னும் சில பேர் மூக்கை உறிஞ்சினார்கள். பழக்கம்!

ஜெசிந்தா நாடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள்.

"மாமி, அழாதேங்கோ. நான் அழேல்லை. இதுதான் அந்த வருத்தம். வடிவாக் கேளுங்கோ. இந்தக் குரலை இனி எங்க கேட்டாலும் ஓடிப்போய்ப் பிடியுங்கோ."

மைக்கை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி லேஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்.

பிறகு வழமைபோலச் சனம் சூழ்ந்துகொண்டது. ஒருவருக்கு முழங்கால் நோகிறதாம், இன்னொருவருக்குச் சீனி வருத்தம். இவையும் அதுவா என்று விசாரணை. கடைசியில் ஸ்டெல்லா வந்தாள். அவளுடைய மனுசன் சேவியர் கடல் தொழிலுக்குப் போகிறவர். இல்லை, போனவர். பின்னேரத்தில் நாக்குக் குழறுகிறது, கடலில் ஒன்றை இரண்டாகப் பார்க்கிறார், குடிகாரனோடு தொழிலுக்குப் போக ஏலாது என்று படகிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த கதைதான். நானும் கேட்டு 'ச்சு' கொட்டியிருக்கிறேன்.

ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "காலமையில நல்லா இருப்பினமோ?"

"ஓம்" என்றாள் ஜெசிந்தா.

ஸ்டெல்லா அப்படியே தரையில் இருந்துவிட்டாள். "நான் அவரை வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லை, அக்கா. கனநாளா வாடிக்குள்ளதான் படுக்கிறார்."

வாடி என்பது கடற்கரையில் வலையும் சாமான்களும் வைக்கிற ஓலைக் கொட்டில். அங்கே தனியாக! எனக்குப் போன வருசம் மைக்கில் கேட்ட சத்தம் திரும்பக் கேட்டது. அங்கே மைக்கும் இல்லை, ஓடிவர ஒரு அன்ரனும் இல்லை. அன்ரன் முன்னால் நடந்தான். ஸ்டெல்லா பின்னால் ஓடினாள். ஜெசிந்தாவை மாமியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் போனேன். அந்தக் கொஞ்சத் தூரம் முழுக்க மாதாவே, மாதாவே என்று ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சேவியர் இருந்தார். வாடி வாசலில், ஒரு கண்ணுக்கு மேலே லேஞ்சியைக் கட்டிக்கொண்டு. ஒரு கண்ணை மறைத்தால் இரண்டாகத் தெரிவது நின்றுவிடும் என்று தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் மூன்று பேரையும் கண்டதும் அவசரமாக எழும்பி நின்றார். நாங்கள் ஒன்றும் கேட்க முதலே, குழறுகிற நாக்கால் அவராகவே சொன்னார்.

"சத்தியமா நான் குடிக்கேல்லை."

இப்போது வீட்டுக்குள்ளே படுக்கிறார். அடுத்த நாளே, ஜெசிந்தா சொன்னபடி, பின்னேரமாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். வருகிற வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் கிளினிக். அவருக்கு இருப்பதும் இதுதானா, வேறு ஏதாவதா? டொக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் எனக்குக் காலையில் இரண்டு போன், இரண்டு எண்ணிக்கை.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒருவரைக் கும்பிட முதலும், ஒருவரை ஏச முதலும் - ஒருக்கால் டொக்டரிடம் காட்டிப்போடுங்கள்.